சர்வர் இல்லாமல் ஏழு ரோபோக்கள் ஏழு சந்திப்புகளில் நிற்பது எப்படி?

பர்கூர் பக்கம் பொறியியல் படிக்கும் மாணவர்கள் கேட்டது இது: ஹாலின் தரையில் கறுப்பு டேப் ஒட்டி 7 சந்திப்புகள், 9 பாதைகள் போட்டிருக்கிறோம். டேப்பைப் பின்தொடர்ந்து ஓடும் 7 லைன் ஃபாலோயர் ரோபோக்கள் ஒரே சந்திப்பிலிருந்து கிளம்பி ஆளுக்கொரு சந்திப்பில் போய் நிற்க வேண்டும். மேலே கேமரா, நடுவில் லேப்டாப், ரூட்டர் எதுவும் கூடாது. ரோபோக்களிடம் மேப்பும் கிடையாது. அடுத்த கட்டமாக மாந்தோப்பில் விட ஆசை. எந்த அல்காரிதம், எங்கே சறுக்கும்?

இந்தச் சிக்கலுக்கு ஆங்கிலத்தில் டிஸ்பெர்ஷன் என்று பெயர். ஐஐடி மெட்ராஸைச் சேர்ந்த ஜான் அகஸ்டினும் வில்லியம் மோசஸ் ஜூனியரும் 2018-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இது தனித் துறையாகவே வளர்ந்தது. நோடுகளுக்கு, அதாவது சந்திப்புகளுக்கு, பெயர் இல்லை. ஒவ்வொரு நோடிலும் கிளம்பும் பாதைகளுக்கு மட்டும் 0, 1, 2 என்று போர்ட் எண் உண்டு. ஒரே நோடில் நிற்கும் ரோபோக்கள் மட்டுமே பேசிக்கொள்ளலாம், நோடில் எதையும் எழுதி வைக்க முடியாது. உங்கள் ஹால் அப்படியே இந்த மாடலுக்குள் வருகிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரோபோக்களுக்கு வெவ்வேறு ஐடி வேண்டும். ஒரே புரோகிராம், ஒரே நிலை, ஒரே நோடு என்றால் இரண்டு ரோபோக்களும் ஒரே முடிவைத்தான் எடுக்கும். காலம் முழுக்க ஒட்டியபடியே சுற்றும், பிரியவே பிரியாது. ஐடி இல்லாமல் பிரிக்க வேண்டுமென்றால் நாணயம் சுண்டுவதுபோல ராண்டம் எண் வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை, 1 முதல் 7 வரை எண் கொடுத்துவிடுங்கள்.

இனி அல்காரிதம். அடிப்படை ஆழம் முதல் தேடல், அதாவது டிஎஃப்எஸ்: ஒரே வழியில் போகும்வரை போய், மேலே வழி இல்லையென்றால் பின்வாங்கி அடுத்த வழியைப் பார்ப்பது. கூட்டமாகப் போகிறார்கள். காலியான நோடுக்கு வந்தால் கூட்டத்தில் சிறிய ஐடி உள்ள ரோபோ அங்கேயே நின்றுவிடுகிறது. நோடில் எழுத முடியாததால், அங்கே நின்றுவிட்ட ரோபோதான் அந்த நோடின் நினைவு. இந்த ஒரு வரியை மறக்காவிட்டால் மற்றதெல்லாம் சரியாக வரும். வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைவைக் கெடுப்பதால்தான் வருகின்றன.

நின்ற ரோபோ வைத்திருக்க வேண்டியது இரண்டே எண்கள். ஒன்று தாய் போர்ட்: கூட்டம் முதன்முதலில் எந்த போர்ட் வழியாக உள்ளே வந்தது. மற்றது கடைசி போர்ட்: கூட்டம் கடைசியாக எந்த போர்ட்டைச் சோதிக்கப் போனது. கூட்டத்திடம் இருப்பது ஒரு பிட்: இப்போது முன்னே போகிறோமா, பின்வாங்குகிறோமா. ஐடிக்கு 3 பிட், தாய்க்கு 3, கடைசிக்கு 3, நின்றாயிற்றா என்பதற்கு 1, முன்-பின் என்பதற்கு 1. உங்கள் ஹாலுக்கு மொத்தம் 11 பிட் போதும்.

எழுத்தில் சொன்னால் புரிகிற மாதிரி இருக்கும், புரோகிராம் எழுதும்போது குழம்பும். அதனால் ஒரு முறை கையால் ஓட்டிப் பார்ப்போம். சந்திப்புகளுக்கு நம் இரண்டு மாவட்ட ஊர்களையே வைத்துக்கொள்ளலாம், சாலைகள் உங்களுக்கே தெரியும். ரோபோவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, அதற்குத் தெரிவது போர்ட் எண் மட்டும்.

கிருஷ்ணகிரி: 0 ஓசூர், 1 பர்கூர், 2 ஊத்தங்கரை, 3 தருமபுரி, 4 ராயக்கோட்டை
ஓசூர்: 0 கிருஷ்ணகிரி, 1 ராயக்கோட்டை
ராயக்கோட்டை: 0 ஓசூர், 1 கிருஷ்ணகிரி, 2 தருமபுரி (பாலக்கோடு வழி)
தருமபுரி: 0 கிருஷ்ணகிரி, 1 ராயக்கோட்டை, 2 அரூர்
அரூர்: 0 தருமபுரி, 1 ஊத்தங்கரை
ஊத்தங்கரை: 0 கிருஷ்ணகிரி, 1 அரூர்
பர்கூர்: 0 கிருஷ்ணகிரி

ஏழும் கிருஷ்ணகிரியில் இருக்கின்றன. ஐடி 1 உள்ள ரோபோ அங்கேயே நிற்கிறது, அதற்குத் தாய் போர்ட் இல்லை. மற்ற ஆறும் போர்ட் 0 வழியாக ஓசூர். அங்கே 2 நிற்கிறது, தாய் 0. வந்த போர்ட்டுக்கு அடுத்தது 1, ராயக்கோட்டை. அங்கே 3 நிற்கிறது, தாய் 0. அடுத்த போர்ட் 1. அது கிருஷ்ணகிரிக்கே கொண்டுபோய் விடுகிறது, அதன் போர்ட் 4 வழியாக. அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்கிறார். முன்னே போகும் நிலையில் ஆள் இருக்கும் நோடுக்கு வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். மீண்டும் ராயக்கோட்டை, அடுத்த போர்ட் 2, தருமபுரி. 4 நிற்கிறது, தாய் 1. அடுத்து அரூரில் 5, ஊத்தங்கரையில் 6. இதுவரை 7 நகர்வுகள்.

இப்போது 7 தனி ஆள். ஊத்தங்கரைக்குள் வந்தது போர்ட் 1 வழியாக, அதுதான் அங்கே கடைசி எண், ஆகவே அடுத்தது சுற்றி 0. அது கிருஷ்ணகிரிக்குப் போகிறது, ஆள் இருக்கிறது, திரும்புகிறது. அடுத்த போர்ட் 1, அது தாய் போர்ட். சுற்றி வந்து தாய் போர்ட்டைத் தொட்டுவிட்டால் அந்த நோடு முடிந்தது, பின்வாங்க வேண்டும். அரூர், தருமபுரி. தருமபுரியில் போர்ட் 0 இன்னும் பாக்கி, கிருஷ்ணகிரிக்குப் போய்த் திரும்புகிறது. பிறகு ராயக்கோட்டை, ஓசூர், கிருஷ்ணகிரி. கிருஷ்ணகிரியில் நிற்கும் 1-இடம் கடைசி போர்ட் 0 என்று இருக்கிறது, அடுத்தது 1, பர்கூர். 7 அங்கே நிற்கிறது. மொத்தம் 17 நகர்வுகள்.

இந்த ஓட்டத்தில்தான் முக்கியமான தவறு ஒளிந்திருக்கிறது. மூன்றாவது நகர்வில் கூட்டம் கிருஷ்ணகிரிக்குள் போர்ட் 4 வழியாக நுழைந்ததே, அப்போது அங்கே நிற்கும் ரோபோவின் கடைசி போர்ட்டை 4 என்று மாற்றி எழுதிவிடுவார்கள். "முன்னே போகும் நிலையில் வந்தவரின் போர்ட்டைக் குறித்துவை" என்று, நோடு காலியா இல்லையா என்று பார்க்காத ஒரு ஃபங்ஷன் எழுதினால் இதுதான் நடக்கும். பிறகு ஊத்தங்கரையிலிருந்து வரும்போது 2 ஆகும், தருமபுரியிலிருந்து வரும்போது 3 ஆகும். கடைசியில் 7 பின்வாங்கி வந்து சேரும்போது 3-க்கு அடுத்தது 4 என்று ராயக்கோட்டைக்குப் போய்த் திரும்பி, எல்லா போர்ட்டும் முடிந்தது என்று நின்றுவிடும். பர்கூர் காலியாகவே கிடக்கும், கிருஷ்ணகிரியில் இரண்டு பேர் நிற்பார்கள். மூன்று, நான்கு ரோபோக்கள் வைத்துச் சோதித்தால் இந்தத் தவறு தெரியவே தெரியாது, அவை பர்கூர் வரைக்கும் போகத் தேவையே வராது. விதி ஒன்றுதான்: முன்னே போகும் நிலையில் வந்தவர் நின்றவரின் நினைவைத் தொடக் கூடாது. கடைசி போர்ட் மாறுவது அந்த நோடிலிருந்து முன்னே கிளம்பும்போது மட்டும்.

இதே எண்ணை இலவசச் சோதனையாகவும் பயன்படுத்தலாம். பின்வாங்கி வரும் கூட்டம் நுழையும் போர்ட்டும் அங்கே நிற்பவரின் கடைசி போர்ட்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ரோபோ வழியில் தப்பான கோட்டைப் பிடித்துவிட்டது என்று பொருள். அந்த நொடியே நிறுத்தி எல்இடியைச் சிவப்பாக்குங்கள். அப்படியே ஓடவிட்டால் பிழை நான்கு சந்திப்பு தள்ளி வேறு முகத்தோடு வரும், எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்குக் கணக்கு எளிது. காலி நோடுக்குக் கூட்டம் முதன்முதலில் நுழைந்த பாதைகள் சேர்ந்ததுதான் டிஎஃப்எஸ் மரம். அதில் சேரும் பாதையில் அதிகபட்சம் 2 தடவை நடப்பார்கள், சேராத பாதையில் இரு முனையிலிருந்தும் போய்த் திரும்புவதால் 4 தடவை. உங்கள் ஹாலில் 6 மரப் பாதைகள், 3 மிச்சப் பாதைகள், ஆக 24-க்கு மேல் போகவே முடியாது. போர்ட் எண்களை எப்படி மாற்றி வைத்தாலும் 24-தான் எல்லை.

அந்த மிச்சப் பாதைகள்தான் பெரிய கிராஃபில், அதாவது நோடுகளும் பாதைகளும் சேர்ந்த வலையில், நேரத்தைத் தின்னும். ரோபோ எண்ணிக்கையைக் கே என்று வைத்தால், எந்த அல்காரிதமும் கே-யின் விகிதத்துக்குக் கீழே போக முடியாது. நேர்கோடாக நீளும் கிராஃபில் கடைசி ஆள் அவ்வளவு தூரம் நடந்தே ஆக வேண்டும். ஆனால் நெருக்கமான கிராஃபில் சாதா டிஎஃப்எஸ் கே-யின் வர்க்கம் வரை போகும், ஏனென்றால் ஆள் நிற்கும் நோடுகளையே திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கிறது. 2024-ல் யூயிச்சி சூடோ உள்ளிட்ட ஜப்பான் ஆய்வாளர்கள் இதை அழகாக உடைத்தார்கள். ஒரு நோடில் நிற்கும் கூட்டம் ஒவ்வொரு போர்ட்டாகச் சோதிக்காமல், ஆளுக்கொரு போர்ட்டுக்குத் தூது அனுப்புகிறது. போனவர் அங்கே நின்றிருப்பவரைப் பார்த்தால் அவரையும் கையோடு கூட்டி வருகிறார். அடுத்த முறை தூதர்கள் இரட்டிப்பு. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் லாக் கே (கே-யை எத்தனை முறை பாதியாக்கினால் 1 ஆகும் என்ற எண்) தடவைக்குள் காலி நோடு கிடைத்துவிடும், அல்லது காலியே இல்லை என்று உறுதியாகிவிடும். பிறகு கூட்டி வந்தவர்களை அவரவர் இடத்தில் கொண்டு விட வேண்டும். எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கினால் மொத்த நேரம் கே லாக் கே அளவில் முடிகிறது. 2025-ல் அஜய் க்‌ஷேம்கல்யாணி, அனிசுர் ரஹமான் மொல்லா, கோகர்ண ஷர்மா முதலியோர் எல்லோரும் ஒரே கடிகாரத்தில் ஓடும்போது அதைக் கே அளவுக்கே இறக்கிவிட்டார்கள். ஏழு ரோபோவுக்கு இதெல்லாம் வேண்டாம், எழுபது வந்தால் எடுங்கள்.

இனி தரை. கட்டுரைகளில் ஒரு நகர்வு என்பது ஒரு சுற்று, அவ்வளவுதான். ஹாலில் கூட்டத்துக்கு நீளம் உண்டு. ரோபோ 15 செ.மீ., இடைவெளி 10 செ.மீ. என்றால் ஆறு ரோபோ வரிசை 140 செ.மீ. பாதை 120 செ.மீ. என்றால் தலை அடுத்த சந்திப்புக்கு வந்தபோது வால் பழைய சந்திப்பையே தாண்டியிருக்காது. நேரத்திலும் இதே சிக்கல். நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் 120 செ.மீ. கடக்க 6 விநாடி, திரும்பவும் பேசவும் 4 விநாடி, ஆக சுற்றுக்கு 10 விநாடி என்று கணக்குப் போடுவார்கள். ஆறாவது ரோபோ கிளம்புவதே முதல் ரோபோவுக்கு 6.25 விநாடி கழித்து. சுற்றுக்கு 16.25 விநாடியாவது வேண்டும்.

இதைவிட மோசமானது ஆள் இருக்கும் சந்திப்பிலிருந்து கூட்டம் திரும்புவது. தலை திரும்பினால் பின்னால் வருபவர்கள் எதிரே நிற்பார்கள். அதனால் உங்களுக்கு என் பரிந்துரை: கூட்டத்தில் பெரிய ஐடி உள்ள ஒரே ரோபோவை முதலில் அனுப்புங்கள். அது போய், ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத் திரும்பி வரட்டும். காலி என்றால் மட்டும் கூட்டம் கிளம்பட்டும். கூட்டத்தில் ஒருவர்தான் மிச்சம் என்றால் தூது வேண்டாம், நேராகப் போகலாம். மேலே ஓட்டிய உதாரணத்தில் 17 சுற்று 27 ஆகும், ஆனால் எதிரெதிர் மோதல் ஒன்றுகூட வராது. நின்றுவிட்ட ரோபோவும் சந்திப்பின் நடுவில் நிற்கக் கூடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் 20 செ.மீ. கிளைக் கோடு ஒன்று போட்டு அதில் ஒதுங்கச் செய்யுங்கள். அந்தக் கிளைக்கு போர்ட் எண் கொடுத்துவிடாதீர்கள்.

போர்ட் எண்ணை ரோபோ எப்படி அறியும்? கிளம்பும்போது எண்ணிக் கிளம்பலாம், ஆனால் நுழையும்போது எந்த போர்ட் வழியாக நுழைந்தோம் என்பதுதான் கடினம். ஒவ்வொரு பாதையின் இரு முனைகளிலும், சந்திப்புக்கு 10 செ.மீ. முன்பாக, ஓர் ஆர்எஃப்ஐடி டேக் (கிட்டே வரும் ரீடர் ரேடியோ அலையால் படிக்கும் சிறு வில்லை) ஒட்டுங்கள். 9 பாதைக்கு 18 டேக். அதில் சந்திப்பு எண், போர்ட் எண், அந்தச் சந்திப்பில் மொத்தம் எத்தனை போர்ட் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். வழக்கமான 13.56 மெகாஹெர்ட்ஸ் ரீடர் சில செ.மீ. தூரத்தில்தான் படிக்கும், ரோபோவின் அடிவயிற்றில் பொருத்தி, டேக் மேல் போகும்போது வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தரைக்கு அடியில் இரும்புத் தகடு இருந்தால் படிக்காது. மேடை போட்ட ஹாலில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஓட்டத்தின்போது டேக்கில் எதையும் எழுதாதீர்கள். எழுதினால் அது நோடில் கரும்பலகை வைத்த மாடல், வேறு சிக்கல், சுலபமான சிக்கல். மதிப்பீட்டுக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ரோபோக்கள் பேசிக்கொள்ள, இஎஸ்பி32 என்ற கன்ட்ரோலர் சிப்பில் உள்ள ரேடியோவை எடுப்பீர்கள் என்று தெரிகிறது. அது ஹால் முழுக்கக் கேட்கும். ஓசூரில் நிற்பவர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொன்னால் அரூரில் இருப்பவரும் கேட்டு, தன் நோடில்தான் ஆள் இருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடுவார். சிக்னல் பலத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்க நினைக்காதீர்கள். ஒன்றரை மீட்டர் வித்தியாசத்தை அது நம்பும்படி காட்டாது, மனிதர் குறுக்கே நடந்தாலே மாறும். டேக்கில் படித்த சந்திப்பு எண்ணை ஒவ்வொரு செய்தியிலும் சேர்த்து, எண் பொருந்தாததைத் தூக்கி எறியுங்கள். சந்திப்பு எண்ணை இந்த ஒரு வடிகட்டலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், முடிவெடுக்கும் புரோகிராமுக்குள் விடாதீர்கள். 38 கிலோஹெர்ட்ஸ் ஐஆர் ரிசீவர் வைத்தால் மாடலுக்கு இன்னும் நேர்மையாக இருக்கும், ஆனால் ஜன்னல் வெயிலில் தொந்தரவு செய்யும்.

ஒரு ரோபோ வழியில் நின்றுபோனால்? எல்லோரும் வரும்வரை காத்திருக்கும்படி எழுதினால் மற்றவர்கள் நிரந்தரமாகக் காத்திருப்பார்கள். நேர எல்லை இல்லாத மாடலில் மெதுவாக வருபவரையும் செத்தவரையும் பிரித்தறியவே முடியாது. ஆகவே நேர எல்லை வையுங்கள், இரண்டு சுற்றுக்குள் வராதவரைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். நின்றுவிட்ட ரோபோ பேட்டரி தீர்ந்து அணைந்தால் சேதம் அதிகம், ஏனென்றால் போனது நோடின் நினைவு. முன்னே போகும் கூட்டம் வந்தால் காலி என்று நினைத்து ஒருவர் நிற்பார், அதில் கெடுதி குறைவு. பின்வாங்கும் கூட்டம் வந்து ஆளில்லாத நோடைப் பார்த்தால்தான் சிக்கல், தாய் போர்ட் எது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அப்போது கூட்டத்தில் சிறியவர் அங்கே நின்று, அந்த நோடையே புதிய வேராக வைத்து, புதிய மர எண்ணோடு (எந்த டிஎஃப்எஸ் மரத்தைச் சேர்ந்தவர் என்று ஒவ்வொருவரும் வைத்திருக்கும் எண்) டிஎஃப்எஸ்ஸைத் தொடங்குவதுதான் வழி. பழைய மர எண்ணோடு நிற்பவர்கள் புதியதைப் பார்த்ததும் தங்கள் இரு எண்களையும் அழித்து அந்த மரத்தில் சேர வேண்டும்.

இதே மர எண் வேறொரு இடத்திலும் உதவும். எல்லோரும் ஒரே சந்திப்பில் தொடங்காமல் இரண்டு இடத்தில் தொடங்கினால், ஒரு கூட்டத்துக்கு மற்றக் கூட்டத்தின் நோடுகள் ஆள் உள்ளவையாகத் தெரியும். சும்மா திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு கூட்டம் நான்கு பக்கமும் அடைபட்டு, ஆள் மிச்சத்தோடு டிஎஃப்எஸ் முடிந்துவிடும், அப்பால் காலி நோடு இருந்தாலும். ஆகவே இரு மரங்கள் சந்தித்தால் நின்றவர் எண்ணிக்கை அதிகமுள்ள மரம் மற்றதை விழுங்க வேண்டும், சமம் என்றால் பெரிய மர எண். விழுங்கப்பட்ட மரத்தில் நிற்பவர்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு பெரிய மரம் மேலே போகும்.

மாந்தோப்புக்கு வருவோம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் நட்ட தோப்பு என்றால் ஏக்கருக்கு 40 மரம், நேர்வரிசை. அங்கே இந்த அல்காரிதம் தேவையே இல்லை. ஐடியை வரிசையில் உள்ள இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஈவு வரிசை, மீதி இடம், ரோபோ நேராகப் போய் நிற்கலாம். நம் பக்கம் பல தோப்புகள் அப்படி இல்லை. நடுவில் பாறை, வாய்க்கால், முள்வேலி, பட்டுப்போன மரத்தை எடுத்த குழி. எந்தச் சந்தில் வழி உண்டு என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். டிஎஃப்எஸ் அங்கேதான் சம்பாதிக்கும். டேக் ஒட்ட முடியாது, ஆகவே வடக்கு 0, கிழக்கு 1, தெற்கு 2, மேற்கு 3 என்று திசையையே போர்ட்டாக வையுங்கள். வடக்கே கிளம்பினால் தெற்கு வழியாகத்தான் நுழைவீர்கள், நுழையும் போர்ட் தானாகக் கிடைத்துவிடும். திசைமானி சென்சாரை மோட்டாரிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் குச்சி வைத்து நிறுத்துங்கள், இல்லையேல் மோட்டார் ஓடும்போது வடக்கு நகர்ந்துவிடும். அடைபட்ட திசையைச் சோதித்து முடித்த போர்ட்டாகக் கணக்கிடுங்கள். அறுவடைக் காலத்தில் கூடையோ டிராக்டரோ தாய் போர்ட்டை மறித்தால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், வழி திறக்கும்வரை காத்திருங்கள்.

ஹாலில் டேப் ஒட்டுவதற்கு முன் லேப்டாப்பில் இதே 7 நோடு கிராஃபை வைத்து, ஒவ்வொரு முறையும் போர்ட் எண்களைக் குலுக்கி, தொடக்க நோடையும் மாற்றி, ஆயிரம் தடவை ஓட்டுங்கள். தூது இல்லாத பதிப்பில் ஒரு தடவைகூட 24 நகர்வைத் தாண்டக் கூடாது, ஒரு நோடில்கூட இரண்டு பேர் நிற்கக் கூடாது. தாண்டினால் முதலில் கடைசி போர்ட்டை எழுதும் வரியைப் பாருங்கள்.